18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறும் பெண்ணைத் தயார்செய்வது: 15 வயதிலிருந்து வரிசையாக

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லத்தில் வளரும் பெண் மணி அடித்தால் எழுகிறாள், தட்டு நீட்டினால் சோறு விழுகிறது, எந்தப் படிவத்திலும் கண்காணிப்பாளர்தான் கையெழுத்துப் போடுகிறார். 18 வயது நிறைந்து வெளியே வந்த மறுநாளே அறைக்கு அட்வான்ஸ், பேங்க் ஓடிபி, வேலை, காய்ச்சல் எல்லாம் அவள் ஒருத்தியின் பொறுப்பு. நல்ல மதிப்பெண் எடுத்த பெண்கள்கூட இந்த இடத்தில் தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் பலன் தந்த வழி ஒன்றுதான்: வெளியே தனியாகச் செய்யவேண்டிய ஒவ்வொரு காரியத்தையும், இல்லத்தில் இருக்கும்போதே, நாம் பக்கத்தில் நிற்க, அவள் தன் கையால் ஒரு தடவையாவது செய்திருக்க வேண்டும்.

இல்லக் கண்காணிப்பாளர்கள், வார்டன்கள், ஆற்றுப்படுத்துநர்கள் (கவுன்சலிங் தருபவர்கள்), வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பெண்ணை வைத்திருக்கும் குடும்பங்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள். முந்தைய படி முடியாமல் அடுத்தது பெரும்பாலும் நடக்காது.

1. பிறந்தநாள் எந்த மாதத்தில் வருகிறது என்று பாருங்கள்

பலர் இதைக் கவனிப்பதில்லை. ஒருத்திக்கு ஜூன் மாதம் 18 ஆகும், அப்போது அவள் பிளஸ் டூ முடித்திருப்பாள். இன்னொருத்திக்கு டிசம்பரில் ஆகும், பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கும். இரண்டாமவளுக்குக் கல்வியாண்டு முடியும்வரை தங்க ஏற்பாடு தேவை. அதை முன்கூட்டியே குழந்தைகள் நலக் குழுவிடம் (இல்லத்துப் பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் மாவட்டக் குழு, இனி ‘குழு’) எழுதிக் கேட்கவேண்டும். பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் போய் நின்றால் குழுவும் தடுமாறும், பெண்ணும் படிப்பை விட்டுவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பெண்ணுக்கு 15 முடிந்ததும் அவளையே உட்காரவைத்து, ஒரு காலண்டரில் 18-ஆம் பிறந்தநாளிலிருந்து பின்னோக்கித் தேதி குறியுங்கள். அவளுடைய தனிநபர் பராமரிப்புத் திட்டம் கோப்பில் இருக்கும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்கே படித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றி மூன்று வருடமாக எழுதப்பட்ட தாளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கும் பெண்கள் உண்டு.

2. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலுக்கு முன் பெயரும் தேதியும் ஒன்றாகட்டும்

பள்ளியில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், குழுவின் ஆணையில் இன்னொன்று. தேதியும் அப்படியே. இல்லத்துப் பெண்களில் இது சர்வ சாதாரணம், ஏனென்றால் அவளைச் சேர்க்கும்போது ஒவ்வொரு இடத்திலும் வேறு வேறு ஆள் வாயால் சொல்லி எழுதியிருப்பார்கள்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரும் பிறந்த தேதியும்தான் அவள் ஆயுளுக்கும் கூட வரும். பேங்க், பாஸ்போர்ட், அரசுத் தேர்வு எல்லாம் அதைத்தான் கேட்கும். ஆகவே பள்ளி பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் முன்பே, ஒன்பதாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலோ, எல்லாத் தாளையும் ஒரு மேசையில் பரப்பி ஒப்பிடுங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, ஒரு எழுத்தா விரித்த பெயரா என்பதுவரை பாருங்கள். பான் கார்டு எடுக்கும்போது தகராறு வருவது பெரும்பாலும் இந்த இனிஷியலில்தான்.

பிறப்புச் சான்றிதழே இல்லாத பெண்ணுக்கு, பள்ளிச் சான்றும் இல்லையென்றால், இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 94-ஆவது பிரிவின்படி குழு பதிவுசெய்த வயதே அவளுடைய உண்மையான வயதாகக் கொள்ளப்படும். அந்த ஆணையின் சான்றிட்ட நகல் இரண்டு வாங்கி வையுங்கள். ஆதாரில் பிறந்த தேதியைப் பொதுவாக ஒரே ஒரு தடவைதான் திருத்தமுடியும். அவசரப்பட்டு ஒரு தேதியைப் போட்டு அந்த வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். முதலில் பள்ளிப் பதிவு, பிறகு ஆதார்.

3. ஆதாரில் யாருடைய போன் நம்பர்?

சேரும்போது கண்காணிப்பாளரின் நம்பரையோ இல்லத்தின் நம்பரையோ கொடுத்திருப்பார்கள். அந்தக் கண்காணிப்பாளர் மாற்றலாகிப் போயிருப்பார். ஒரு பெண் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க ஆன்லைன் சென்டரில் உட்கார்ந்திருக்கிறாள், ஓடிபி எங்கோ வேறு ஊரில் யாரோ ஒருவருடைய போனுக்குப் போகிறது. அவள் அவருக்கு மூன்று தடவை போன் போட்டும் எடுக்கவில்லை, சென்டர்க்காரர் “அடுத்த ஆள் வாங்க” என்கிறார். இதைத் தவிர்ப்பது சுலபம்.

15 முதல் 17 வயதுக்குள் கைரேகை, கருவிழிப் பதிவைப் புதுப்பிப்பது கட்டாயம், அதற்குக் கட்டணமும் இல்லை. அதற்காக ஆதார் மையத்துக்குப் போகும் அன்றே போன் நம்பரையும் மாற்றிவிடுங்கள். அவளுக்கென்று ஒரு சிம் வேண்டும். போன் கொடுக்க இல்லத்தில் அனுமதி இல்லையென்றால் சிம்மை மட்டும் அவள் பெயர் எழுதிய உறையில் வைத்து, ரீசார்ஜ் போட்டு உயிரோடு வைத்திருங்கள். முகவரியை இப்போது மாற்றவேண்டாம். வேலையும் தங்குமிடமும் நிலையானபின் மாற்றினால் போதும். அதுவரை இல்லத்து முகவரியிலேயே மற்ற எல்லா ஆவணத்தையும் எடுத்துவிடலாம்.

4. சாதிச் சான்றிதழும் பள்ளித் தேர்வும்

பெற்றோர் யாரென்று தெரியாத பெண்ணுக்குச் சாதிச் சான்று கிடைக்காது என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இவர்களுக்கு இடம் இருக்கிறது: பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க யாருமில்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள். தாசில்தார் அலுவலகத்தில் இந்த வரியை எடுத்துக் காட்டவேண்டியிருக்கும். குழுவின் ஆணை, இல்லத்தின் பதிவுச் சான்று இரண்டையும் கையோடு கொண்டுபோங்கள். தாயோ தந்தையோ இருக்கும் பெண்ணுக்கு அவர்களுடைய சான்றைக் கேட்டு வாங்க மாதக்கணக்கில் ஆகும். பிளஸ் ஒன் படிக்கும்போதே ஆரம்பித்துவிடுங்கள்.

இன்னொன்று. நல்ல மனதோடு ஒரு நன்கொடையாளர் வந்து, “இந்தப் பொண்ணு நல்லா படிக்குது, ஒன்பதாவதுல இருந்து பிரைவேட்ல போடுங்க, ஃபீஸ் நான் கட்டுறேன்” என்பார். சம்மதிக்கும் முன் கணக்குப் போடுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு மருத்துவம், பொறியியல் முதலிய படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் கிடைக்கும். நடுவில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இரண்டும் போய்விடும். அந்த நன்கொடையாளரிடம் ஃபீஸுக்குப் பதில் அவள் பெயரில் மாதாந்திர ரெக்கரிங் டெபாசிட் போடச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்குப் பிரியாணி போட வருபவர்களிடமும் இதையே கேட்கலாம். நான் கேட்டவரையில் மறுத்தவர்கள் குறைவு.

5. 16 வயதில் கையில் காசு

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. கண்காணிப்பாளரோடு கூட்டுக் கணக்காகத் திறந்தால் பிறகு பெயரை நீக்குவது பெரிய வேலை. தனிக் கணக்காகவே திறந்து, ஆதாரை அதோடு இணைக்கச் சொல்லுங்கள். அரசு நேரடியாக அனுப்பும் உதவித்தொகை ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும். 18 நிறைந்ததும் மேஜர் கணக்காக மாற்றிப் புதிதாகக் கையெழுத்து மாதிரி கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் பணம் எடுக்க முடியாமல் நின்றுவிடும், அதுவும் அவளுக்குப் பணம் மிகவும் தேவைப்படும் அந்த மாதத்திலேயே.

வாரம் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பு, நாப்கின், பேனா எல்லாம் அதிலிருந்து அவளே வாங்கட்டும். ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். முதல் வாரம் பாதிப் பணம் ஃபேன்சி ஸ்டோரில் கம்மலுக்குப் போகும், வியாழக்கிழமை சோப்பு இருக்காது. திட்டாதீர்கள், சோப்பும் கொடுக்காதீர்கள். அடுத்த திங்கள்கிழமை அவளே நோட்டில் எழுத ஆரம்பிப்பாள். பில் கேட்டுக் குறுக்கு விசாரணை செய்யும் இல்லங்களில் பெண்கள் கணக்கு எழுதக் கற்பதில்லை, பொய் சொல்லத்தான் கற்கிறார்கள். 200 ரூபாயில் செய்யும் தவறை இங்கே செய்துவிட்டால், முதல் சம்பளத்தில் அதே தவறைச் செய்யமாட்டாள்.

ஏ.டி.எம். ரகசிய எண், ஓடிபி இரண்டையும் யாருக்கும், நமக்கும்கூட, சொல்லக்கூடாது என்பதை இங்கேயே பழக்குங்கள். வார்டன் அக்கா கேட்டாலும் “சொல்லமாட்டேன்க்கா” என்று சொல்லவேண்டும். லோன் ஆப் ஒன்றைத் திறந்து காட்டி, அது போனில் என்னென்ன அனுமதி கேட்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யவேண்டும்.

6. ஒரு ஆளுக்குச் சமையல்

எல்லா இல்லத்துப் பெண்களும் சமையலறையில் உதவியிருப்பார்கள். 60 பேருக்கு வெங்காயம் உரித்திருப்பார்கள், அண்டாவில் சாம்பார் கிண்டியிருப்பார்கள். ஆனால் ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று கேட்டால் முழிப்பார்கள். அரைப் படி போட்டுவிட்டு மூன்று நாள் பழைய சோறு சாப்பிட்ட பெண்ணை எனக்குத் தெரியும். 17 வயதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளுக்கு ஒரு சின்ன குக்கர், ஒரு ஆழாக்கு, ஐம்பது ரூபாய் கொடுங்கள். மார்க்கெட்டுக்குப் போய் வாங்கி, தனக்கு மட்டும் சமைத்து, பாத்திரம் கழுவி வைக்கட்டும். விசில் அடைத்தால் என்ன செய்வது, கேஸ் ரெகுலேட்டரை எப்படிக் கழற்றி மாட்டுவது, ஃபியூஸ் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதெல்லாம் இந்த ஞாயிறுகளில் தானாக வந்துவிடும்.

இதே வருடத்தில் அவளை மணியிலிருந்து விடுவியுங்கள். சொந்தமாக அலாரம் வைத்து எழட்டும், பள்ளிக்குப் பிந்தினால் பிந்தட்டும். முடியுமானால் இல்லத்திலேயே ஒரு அறையை 17 வயதுப் பெண்கள் இருவருக்கு ஒதுக்கி, சாவியை அவர்களிடம் கொடுங்கள். இருபது பேர் மூச்சுச் சத்தத்தில் தூங்கிப் பழகியவளுக்குத் தனி அறையின் அமைதியே பயம் தரும். வேலையை விட்டுவிட்டு இல்லத்துக்குத் திரும்பிவந்த பெண்கள் பலர் சொன்ன காரணம் சம்பளமோ முதலாளியோ இல்லை, ராத்திரிதான்.

தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை ஓ.பி., பேங்க், ரயில் முன்பதிவு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தடவை அவளை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். கவுன்டரில் பேசவேண்டியது அவள். ஊழியர் உங்களைப் பார்த்துப் பேசினால், அவளைக் காட்டுங்கள்.

7. படிப்பு, வேலை

தையல், அழகுக்கலை, நர்சிங் உதவியாளர் என்று மூன்றே வழிகளில் எல்லோரையும் தள்ளாதீர்கள். பிளஸ் ஒன்னிலேயே ஒரு ஐ.டி.ஐ., ஒரு பாலிடெக்னிக், ஒரு கலைக்கல்லூரி, வேலை நடக்கும் ஒரு கடை அல்லது அலுவலகம் ஆகியவற்றை நேரில் காட்டுங்கள். பார்க்காத வேலைக்கு யாரும் ஆசைப்பட முடியாது.

வேலைக்குப் போகிறவளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்பின்னிங் மில்லுக்கு ஆள் எடுக்க வரும் புரோக்கர், “மூணு வருஷம் விடுதியில தங்கி வேலை பாத்தா மொத்தமா ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும்” என்பார். கேட்பாரில்லாத பெண்களைத்தான் தேடி வருவார்கள். மாதச் சம்பளத்தைப் பிடித்துவைத்து மொத்தமாகத் தருவது, போனை வாங்கி வைப்பது, தனியாக வெளியே விடாதது, அசல் சான்றிதழைக் கேட்பது, இதில் ஒன்று இருந்தாலும் அந்த வேலை வேண்டாம். நல்ல இடம் என்றால் சம்பளம் அவள் பேங்க் கணக்குக்கு வரும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களுக்கு உள் புகார்க் குழு இருக்கவேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். “உங்க கம்பெனியில கமிட்டி மெம்பர் யாரு சார்?” என்று சேரும் அன்றே கேட்கப் பழக்குங்கள்.

8. உடம்பு, காதல், கல்யாணம்

மருத்துவக் கோப்பை அவளோடு சேர்ந்து படியுங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, சிறுவயதில் எடுத்த மருந்து, போட்ட தடுப்பூசி எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி அவளிடம் இருக்கட்டும்.

காதலைப் பற்றி இல்லங்கள் பேசுவது கண்டிப்பு மட்டும்தான். ஆனால் “நான் இருக்கேன் உனக்கு” என்று சொல்லும் முதல் ஆள் இவளுக்குக் காதலனாக மட்டும் தெரிவதில்லை. அப்பா, அம்மா, வீடு எல்லாமாகத் தெரிகிறான். அதைப் புரிந்துகொண்டு பேசுங்கள். “போகாதே” என்பது வேலைக்கு ஆகாது. யார் வாழ்க்கையில் வந்தாலும் மூன்று பொருள் அவளிடமே இருக்கவேண்டும்: போன், ஏ.டி.எம். கார்டு, அசல் சான்றிதழ்கள். இந்த மூன்றில் ஒன்றை ஒருவன் கேட்டால் உடனே நமக்குப் போன் செய்யச் சொல்லுங்கள், எந்தக் கேள்வியும் கேட்கமாட்டோம் என்று வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள்.

கருத்தடை முறைகளை ஒரு செவிலியரை வைத்து வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். கருக்கலைப்புச் சட்டம் திருமணமாகாத பெண்ணையும் மணமானவளுக்குச் சமமாகவே பார்க்கவேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 18 நிறைந்தவளுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். இது தெரியாமல் போலி மருத்துவரிடம் போய் உயிரைப் பணயம் வைக்கிறார்கள்.

18 ஆனதும் ஒரு வரனைப் பார்த்து முடித்துவிட்டால் பொறுப்புத் தீர்ந்தது என்று நினைக்கும் இல்லங்கள் இன்னும் இருக்கின்றன. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே கிடையாது: சொந்தமாக ஒரு வருடமாவது சம்பாதித்து வாழ்ந்த பிறகு அவளே முடிவெடுக்கட்டும். திரும்பிப் போக ஓர் அறை இல்லாத பெண்ணை எந்த வீட்டிலும் மதிப்பதில்லை.

9. “அப்பா என்ன பண்றாங்க?”

வாடகைக்கு வீடு கேட்டாலும், கூட வேலை செய்பவர் டீ குடிக்கும்போதும், கல்லூரி முதல் நாளிலும் இந்தக் கேள்வி வரும். தயாராக இல்லாதவள் ஒரு பொய் சொல்வாள், அதைக் காக்க இன்னும் பத்து. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு இல்லத்துப் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவதையே தடைசெய்கிறது. யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது அவளுடைய உரிமை என்று அழுத்திச் சொல்லுங்கள். அவளுக்கு வசதியான ஒரு பதிலை அவளே அமைக்கட்டும். “அப்பா இல்லங்க, நான் ஹாஸ்டல்ல வளந்தேன்” என்று ஒருத்தி சொல்வாள், அது உண்மையும்கூட. சத்தமாகச் சொல்லிப் பழகினால்தான் தொண்டை அடைக்காது.

உறவு இருக்கும் பெண்களுக்கு வேறு ஏற்பாடு. இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத மாமா 18 ஆகும் மாதத்தில் வந்து நிற்பார். 16 வயதிலிருந்தே குழுவின் அனுமதியோடு விடுமுறைக்கு அனுப்பி, அந்த வீட்டில் உண்மையில் யார் இருக்கிறார்கள், குடிக்கிறார்களா, இவளுக்குப் படுக்க இடம் உண்டா என்று அவளே பார்த்துவரட்டும். வேறு இல்லத்தில் இருக்கும் தம்பி தங்கையின் முகவரியும், அங்கே பேசவேண்டிய ஆளின் பெயரும் அவள் நோட்டில் இருக்கவேண்டும்.

10. தங்குமிடமும் முதல் 45 நாள் பணமும்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதியோ பத்தாம் தேதியோதான் கைக்கு வரும். இந்த இடைவெளியில்தான் பெண்கள் கடனுக்கும் தவறான ஆளிடமும் போகிறார்கள். விடுதி மாதம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு மாத அட்வான்ஸும் முதல் மாத வாடகையும் சேர்த்து 12,000. பஸ், டிபன், நாப்கின், ரீசார்ஜ் 3,000. ஆக 15,000 ரூபாய் கையில் இல்லாமல் வெளியே அனுப்பாதீர்கள். நான்காம் படியில் சொன்ன டெபாசிட் இதற்குத்தான்.

பெண்கள் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்கவேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசின் தோழி விடுதிகள் இருக்கும் ஊர் என்றால் முதலில் அங்கே விசாரியுங்கள். முன்பு வெளியேறிய அக்கா இருவர் எடுத்திருக்கும் வீட்டில் மூன்றாவதாகச் சேர்வது எல்லாவற்றிலும் நல்லது. நகரப் பேருந்துச் சாதாரணக் கட்டண வண்டியில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால், அந்தப் பஸ் வரும் தடத்தில் இடம் பார்த்தால் மாதச் செலவு குறையும்.

11. பிற்காப்பு மனு

இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பண உதவிக்கு வழி செய்கிறது. பிற்காப்பு (வெளியேறியபின் தொடரும் உதவி) 21 வயதுவரை, சிறப்புக் காரணம் இருந்தால் 23 வரை. ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய், அது நேராக அவள் கணக்குக்கு வரவேண்டும். வெளியேறும் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் நன்னடத்தை அலுவலரோ நல அலுவலரோ திட்டத்தைக் குழுவிடம் தாக்கல்செய்யவேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. நீங்கள் ஆறு மாதம் முன்பே கொடுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் ஒரு பிரதி கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். ஆணை வந்தாலும் பணம் வரத் தாமதமாகலாம். அதை நம்பி முதல் மாதக் கணக்குப் போடவேண்டாம்.

மனுவை அவளே தன் கையெழுத்தில் எழுதட்டும், குழுவின் முன் அவளே பேசட்டும். என்ன படிக்கப்போகிறாள், எங்கே தங்கப்போகிறாள், மாதம் எவ்வளவு தேவை என்று அவள் வாயால் சொன்னால் குழு கேட்கும் கேள்விகளும் மாறும்.

12. கோப்பும் முதல் ஆறு மாதமும்

அசல்களைப் பீரோவிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகச் சொல்லி, அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள்: பிறப்பு, சாதி, மதிப்பெண், மாற்றுச் சான்றிதழ்கள், ஆதார், பான், பாஸ்புக், குழுவின் ஆணைகள், மருத்துவப் பக்கம், வாக்காளர் அட்டைக்கு விண்ணப்பித்த ரசீது. வாக்காளர் அட்டைக்கு 17 வயதிலேயே முன்விண்ணப்பம் செய்யலாம். டிஜிலாக்கரிலும் ஏற்றிவிடுங்கள். அவளை அழைத்துப்போக வந்த உறவினர் கையில் இந்தக் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

வெளியேறிய முதல் மாதம் வாரம் ஒரு தடவை, பிறகு பதினைந்து நாளைக்கு ஒரு தடவை, ஒரே ஆள் போன் பேசவேண்டும். “நல்லா இருக்கியா?” என்று கேட்டால் “நல்லா இருக்கேன்க்கா” என்றுதான் வரும். “நேத்து ராத்திரி என்ன சாப்பிட்ட?”, “வாடகை எந்தத் தேதியில கட்டுன?” என்று கேளுங்கள். பதிலில் இருக்கும் தயக்கம் காட்டிக்கொடுத்துவிடும். அவள் போனில் பெண்கள் உதவிக்கு 181, சைபர் மோசடிக்கு 1930, மனநல ஆலோசனைக்கு 14416, சட்ட உதவிக்கு 15100 ஆகியவை பெயரோடு பதிவாகியிருக்கட்டும்.

முதல் வேலையை ஆறு மாதத்துக்குள் விட்டுவிடுவது சாதாரணம். அப்போது இல்லத்துக்கு வந்து நின்றால், விருந்தாளியாக இரண்டு நாள் தங்கவைத்து, மூன்றாம் நாள் அவளோடு உட்கார்ந்து பத்தாம் படியின் கணக்கை மறுபடி போடுங்கள்.